ஆடிக்காற்றில் கொழும்புக் கரை: வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை ஒரு நாள் நடை

கொழும்பைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் தை, மாசி மாதங்களைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அப்போது மேற்குக் கரையில் கடல் அடங்கியிருக்கும், வானம் தெளிந்திருக்கும். இந்த இயல் அதற்கு நேர்மாறான ஒரு நாளுக்காக எழுதப்பட்டது. வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று ஓயாமல் அடிக்கும். ஆனி, ஆடி, ஆவணியில் அதன் வேகம் உச்சத்தில் இருக்கும். அந்த நாட்களில் கரையோரம் நடக்க வேண்டாம் என்றே பலரும் சொல்வார்கள். நடக்கத்தான் வேண்டும் என்று நான் சொல்கிறேன். கொழும்பின் கரையில் மனிதர் கட்டியவற்றில் முக்கியமானவை எல்லாம் இந்தக் காற்றுக்கும் கடலுக்கும் ஏதோ ஒரு வகையில் பதில் சொல்பவை. தண்டவாளத்தைக் காக்கும் கற்குவியல், துறைமுகத்தின் அலைதாங்கி, மாலுமிகளுக்கு அடையாளமாக நின்ற பள்ளிவாசல், கடல் அரிப்பை நிறுத்தியதாக நம்பப்படும் ஒரு சிலுவை என்று வழி நெடுக அவற்றைக் காணலாம். காற்றில்லாத நாளில் இவை வெறும் கட்டடங்கள். காற்றுள்ள நாளில் அவை ஏன் அங்கே நிற்கின்றன என்பது நடந்து போகும்போதே விளங்கும்.

ஒன்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும்: எங்கே கடலை நெருங்கலாம், எங்கே விலகி நிற்க வேண்டும். இந்த இயலின் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

நடை ஒரு பார்வையில்

தொடக்கம்: வெள்ளவத்தைப் புகையிரத நிலையம், காலை 6.30 மணி.
முடிவு: கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, மாலை 5.30 மணியளவில்.
தூரம்: சுற்றிப் பார்ப்பதையும் சேர்த்து 11 முதல் 12 கிலோமீற்றர். ஏற்றம் மிகக் குறைவு.
ஏற்ற மாதங்கள்: ஆனி முதல் ஆவணி வரை.
ஏற்ற கிழமை: சனி. ஞாயிற்றுக்கிழமை வாகன நெரிசல் குறைவு, ஆனால் புறக்கோட்டைக் கடைகளில் பெரும்பாலானவை பூட்டியிருக்கும். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் பக்தர் கூட்டம் நிரம்பி வழியும்.
அவசரத் தொலைபேசி: பொலிஸ் 119, சுவசெரிய அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117.

ஏன் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி?

சோளகம் தென்மேற்கிலிருந்து வருகிறது. கொழும்பின் கரை ஏறத்தாழத் தெற்கு வடக்காக ஓடுகிறது. வெள்ளவத்தையில் தொடங்கி வடக்கே நடந்தால் காற்று இடது தோளின் பின்புறத்திலிருந்து தள்ளும். கோட்டையில் தொடங்கித் தெற்கே வந்தால் அதே காற்று முகத்தில் அறையும். மணலும் உப்புத் துமியும் நேரே கண்ணுக்குள் போகும். குழந்தைகளும் வயதானவர்களும் முதல் ஒரு மணி நேரத்திலேயே களைத்துவிடுவார்கள்.

இன்னொரு நன்மையும் உண்டு. கடலை ஒட்டிய பகுதி காலையில் முடிந்துவிடும். பகல் ஏற ஏறக் காற்றும் ஏறும். அதற்குள் நீங்கள் கோட்டைக்கும் புறக்கோட்டைக்கும் உள்ளே, கட்டடங்களின் மறைவுக்கு வந்துவிடுவீர்கள்.

போகலாமா, வேண்டாமா?

முதல் நாள் மாலையும் புறப்படும் நாள் காலையும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் முன்னறிவிப்பைப் பாருங்கள். அது தமிழிலும் வெளியாகிறது. நிலப்பகுதிக்கான அறிவிப்பை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். கடற்பகுதிக்கான அறிவிப்பில் புத்தளத்திலிருந்து கொழும்பு ஊடாகக் காலி வரையான கரையைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதே உங்களுக்கு வேண்டியது. காற்றின் வேகம் "இடைக்கிடை" எவ்வளவுக்கு ஏறும் என்று சொல்லியிருந்தால் அந்தப் பெரிய எண்ணையே கணக்கில் எடுங்கள்.

கையில் கருவி இல்லாமலும் காற்றை அளக்கலாம். பிரித்தானியக் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போபோர்ட் 1805இல் வகுத்த அளவுமுறை இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. கொழும்புக் கரையில் அதை இப்படி வாசிக்கலாம்:

4ஆம் நிலை, மணிக்கு 20 முதல் 28 கிலோமீற்றர்: தெருவில் தூசியும் கடதாசித் துண்டும் பறக்கும். நடைக்கு மிக நல்ல நாள்.
5ஆம் நிலை, 29 முதல் 38 வரை: சிறு மரங்கள் ஆடும். தாராளமாக நடக்கலாம்.
6ஆம் நிலை, 39 முதல் 49 வரை: பெரிய கிளைகள் அசையும், மின்கம்பிகள் இரையும், குடை பிடிக்க முடியாது. பெரியவர்கள் நடக்கலாம். சிறுவர்களை உள்பக்கமாக, கையைப் பிடித்து நடத்துங்கள்.
7ஆம் நிலை, 50 முதல் 61 வரை: முழு மரமும் ஆடும், எதிர்த்து நடக்கக் கஷ்டப்படுவீர்கள். கரையோரப் பகுதியை விட்டுவிடுங்கள்.
8ஆம் நிலை, 62க்கு மேல்: கிளைகள் முறியும். அன்று நடையே வேண்டாம்.

கடலின் சீற்றமும் காற்றின் வேகமும் எப்போதும் ஒன்றாக ஏறி இறங்குவதில்லை. தெற்கு இந்து சமுத்திரத்தில் எங்கோ எழும்பிய அலை நாட்கணக்காகப் பயணம் செய்து இங்கே வந்து உடையும். காற்று மெல்லென்று வீசும் நாளிலும் அலை பெரிதாக இருக்கலாம். கொழும்பில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே "இப்போது வற்று, பயமில்லை" என்ற கணக்கு இங்கே உதவாது. பார்க்க வேண்டியது அலையை. கரைக்கு வந்ததும் பத்து நிமிடம் நின்று பாருங்கள். சிறு அலைகள் பல வந்து போன பின் பெரிய அலைகள் மூன்று நான்கு ஒன்றன்பின் ஒன்றாக வரும். அந்தப் பெரிய அலையின் நீர் எதுவரை ஏறுகிறதோ அந்தக் கோட்டுக்கு இப்பால்தான் உங்கள் பாதை.

உடுப்பும் பையும்

குடையை வீட்டில் வைத்துவிட்டு மெல்லிய மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சோளக மழை திடீரென்று பொழிந்து கால் மணி நேரத்தில் விட்டுவிடும். தொப்பிக்கு நாடி நாடா வேண்டும். செருப்பைவிடப் பிடிப்புள்ள சப்பாத்து நல்லது. ஆனால் கோயில், பள்ளிவாசல், விகாரை என்று பல இடங்களில் கழற்ற வேண்டியிருப்பதால் சுலபமாகக் கழற்றி மாட்டக்கூடியதாக இருக்கட்டும். தோளும் முழங்காலும் மூடிய பருத்தி உடுப்பு எல்லா வழிபாட்டிடங்களுக்கும் பொருந்தும். பெண்கள் சால்வை ஒன்றும், சேட்டைக் கழற்றும் வழக்கமுள்ள கோயில்களுக்காக ஆண்கள் துண்டு ஒன்றும் வைத்திருப்பது நல்லது.

உப்புத் துமி எதையும் விடாது. வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த வீடுகளின் ஜன்னற் கம்பிகளைக் கிட்டப்போய்ப் பாருங்கள். பூச்சு உப்பிக் கொப்பளித்திருக்கும், அதன் கீழே இரும்பு செதில் செதிலாக உரிந்திருக்கும். உங்கள் மூக்குக்கண்ணாடியிலும் கமராவிலும் அதே உப்புத்தான் படிகிறது. உலர்ந்த துணியால் துடைத்தால் கண்ணாடி கீறுப்படும். ஒரு சிறு போத்தலில் நல்ல தண்ணீரும் மென்துணியும் வைத்திருங்கள். முதலில் நனைத்து, பிறகு ஒற்றி எடுங்கள். தொலைபேசியை சிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் போடுங்கள்.

வழிகாட்டியும் குழுவும்

தனியே நடக்கலாம். ஆனால் முதல் முறை ஒரு வழிகாட்டியோடு போவதே பயன் தரும். கட்டணம் கொடுத்து அமர்த்துவதானால் இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் உரிமம் உண்டா என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை, உரிமம் உள்ளவர் அட்டையை உடனே காட்டுவார். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: "காற்றுக் கூடினால் எந்த இடத்தில் உள்ளே திரும்புவீர்கள்?" இதற்கு ஒழுங்கைப் பெயரோடு பதில் சொல்பவரை நம்பிப் போகலாம். "ஒண்டும் ஆகாது, வாங்கோ" என்று சொல்பவரை விட்டுவிடுங்கள்.

குழுவை நடத்துபவருக்கு மூன்று விதிகள். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர், இருவருக்கும் இடையில் உள்ளவர்கள் எப்போதும் கண்ணில் தெரிய வேண்டும். காற்றில் குரல் எடுபடாது, ஆகையால் நிற்க, உள்ளே வர, திரும்ப என்று கைச்சைகைகளைத் தொடக்கத்திலேயே சொல்லிக்கொடுங்கள். கதை சொல்ல வேண்டிய இடங்களில் குழுவைச் சுவர் மறைவுக்கு அழைத்து வந்து சொல்லுங்கள். திறந்த வெளியில் நின்று கத்தினால் பாதிப் பேருக்குக் கேட்காது.

முதற்பகுதி: வெள்ளவத்தை முதல் பம்பலப்பிட்டி வரை

வெள்ளவத்தை நிலையத்தின் மேடையில் நின்றாலே கடல் முன்னால் விரியும். கொழும்பிலிருந்து கரையோரமாகச் செல்லும் இந்தத் தண்டவாளம் 1894இல் காலியையும் 1895இல் மாத்தறையையும் எட்டியது. கடலுக்கும் ஊருக்கும் நடுவே அது ஓடுகிறது. அதற்கு வெளியே கொட்டியிருக்கும் பெரிய கருங்கற்கள்தான் சோளக மாதங்களில் அலையை வாங்கிக்கொள்கின்றன. அலை மோதும்போது நீர் கற்களின் இடுக்கில் புகுந்து மேலே சீறும். பின்வாங்கும்போது அந்த இடுக்குகள் வழியே உறிஞ்சும் சத்தத்தோடு வடியும். நனைந்த கல்லில் பச்சைப் பாசி படர்ந்திருக்கும். அதில் நண்டு ஓடும், மனிதக் கால் நிற்காது. தூண்டில்காரர்கள் ஏறி நிற்கிறார்களே என்று பார்த்து நீங்களும் ஏறாதீர்கள். அவர்களுக்கு ஒவ்வொரு கல்லும் தெரியும். வேண்டுமானால் இப்பால் நின்று, "அண்ணை, இண்டைக்குக் கடல் எப்பிடி?" என்று கேளுங்கள். எந்த முன்னறிவிப்பும் தராத விவரம் கிடைக்கும்.

இந்தப் பகுதியில் அலையைவிடப் பெரிய ஆபத்து கோச்சி. கடற்பக்கம் போக ஒழுங்கை முனைகளில் தண்டவாளத்தைக் கடக்க வேண்டும். இரட்டைப் பாதை, இரு திசையிலும் வண்டி வரும். காற்றும் அலையும் இரையும்போது கோச்சியின் சத்தம் கிட்ட வரும் வரை கேட்காது, ஊதுகுழலைக்கூடக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். காதை நம்பாதீர்கள், கண்ணை நம்புங்கள். காதில் மாட்டியதைக் கழற்றி, இருபுறமும் பார்த்து, ஒரு வண்டி போன உடனே பாயாமல் அதன் பின்னால் மற்றப் பாதையில் இன்னொன்று வருகிறதா என்று பார்த்துக் கடவுங்கள். தண்டவாளத்தின் மேல் நடப்பது சட்டப்படி குற்றம். நடைக்கு மரைன் டிரைவ் வீதியின் நடைபாதை இருக்கிறது.

வெள்ளவத்தையை வெறும் கடற்கரையாகக் கடந்து போய்விடாதீர்கள். முதல் நாள் மாலையே வந்து தங்கினால் உள் ஒழுங்கைகளைப் பார்க்கலாம். 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் இங்கே 57ஆவது ஒழுங்கையில் இருக்கிறது. அதன் நூலகத்தில் ஒரு மாலை போவதே தெரியாது. இராமகிருஷ்ண மிஷன் இருக்கும் வீதி கடலை நோக்கி இறங்குகிறது. மயூரபதி பத்திரகாளி அம்மன் கோயிலில் ஆடி மாதம் முழுவதும் சனம் நிறைந்திருக்கும். 1983 யூலையில் இந்த ஊரில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. அதன் பின் மீண்டும் எழுந்து நின்ற ஊர் இது. அதைத் தெரிந்துகொண்டு நடப்பது நம் கடமை.

மரைன் டிரைவில் வடக்கே அரை மணி நேரம் நடந்தால் பம்பலப்பிட்டி. காலை உணவுக்குக் காலி வீதிப் பக்கம் ஏறுங்கள். இடியப்பமும் சொதியும் சம்பலும், அல்லது தோசையும் வடையும் கிடைக்கும் சைவக் கடைகள் இங்கே அதிகம். சரஸ்வதி லொட்ஜ் பலருக்கும் பழக்கமான பெயர். பக்கத்தில் சம்மாங்கோடு மாணிக்கப் பிள்ளையார் கோயிலும் கதிரேசன் கோயிலும் உண்டு. ஆடிவேல் விழாவில் புறக்கோட்டைச் செட்டியார் தெருவிலிருந்து வேல் இரதம் காலிமுகத்திடல் வழியாக வந்து சேரும் இடம் பம்பலப்பிட்டி. நீங்கள் அதே பாதையை எதிர்த்திசையில் நடக்கப் போகிறீர்கள். விழா நாளோடு உங்கள் நடை பொருந்தினால் காலி வீதியில் இரதம் வரும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

இரண்டாம் பகுதி: கொள்ளுப்பிட்டியும் காலிமுகத்திடலும்

பம்பலப்பிட்டியிலிருந்து கொள்ளுப்பிட்டி நிலையம் வரை கடல் விட்டுவிட்டுத் தெரியும். இந்தப் பகுதியில் தலைக்கு மேலே கவனம் வேண்டும். உயர்மாடி கட்டும் இடங்களில் தகரமும் வலையும் காற்றில் பிய்ந்து வரலாம். தென்னையின் கீழ் நிற்காதீர்கள், விளம்பரப் பலகையின் கீழும் நிற்காதீர்கள். இரண்டு உயர்ந்த கட்டடங்களுக்கு இடையே காற்று இரட்டிப்பு வேகத்தில் பாயும். ஒழுங்கை முனைகளில் தொப்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கொள்ளுப்பிட்டி நிலையத்தருகே உள்ளே திரும்பிக் காலி வீதிக்கு வாருங்கள். இங்கிருந்து தூதரகங்களும் அரச இல்லங்களும் இருப்பதால் படம் எடுக்கும் ஆசையை அடக்கி வையுங்கள். 1864இல் தொடங்கிய காலிமுக ஹோட்டலைத் தாண்டியதும் வானம் திறக்கும். அதுதான் காலிமுகத்திடல்.

ஒல்லாந்தர் காலத்தில் கோட்டையின் பீரங்கிகள் சுடுவதற்குத் தடையில்லாமல் வெட்டவெளியாக வைக்கப்பட்ட நிலம் இது. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1859இல் கடலோரம் உலாவும் பாதையாக இதை அமைத்தார். கொழும்பின் பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் இதைப் பேணும்படி தமக்குப் பின் வருபவர்களைக் கேட்டுக்கொள்ளும் கல்வெட்டு ஒன்றையும் வைத்தார். நகரம் முழுவதிலும் காற்றுக்கு எந்தத் தடையும் இல்லாத இடம் இதுவே. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மேடையில் நின்றால் அலையின் அடி காலில் அதிரும். கைப்பிடிச் சுவருக்கு மேலே நீர் தெறிக்கும் நாளில் மேடையில் ஏறவேண்டாம், நடைபாதையிலேயே நில்லுங்கள்.

திடலின் வடகோடியில் 1930இல் திறக்கப்பட்ட பழைய நாடாளுமன்றக் கட்டடம், இன்றைய ஜனாதிபதி செயலகம். 1956 யூன் 5ஆம் திகதி, சிங்களம் மட்டும் சட்டம் நாடாளுமன்றத்துக்கு வந்த நாளில், தந்தை செல்வா தலைமையில் தமிழரசுக் கட்சியினர் இந்தத் திடலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். கும்பல் அவர்களைத் தாக்கியது. அவர்கள் திருப்பி அடிக்கவில்லை. 2022இல் இதே திடலில் எல்லா இன இளைஞர்களும் மாதக்கணக்கில் கூடாரமிட்டுப் போராடினார்கள். தமிழ்ப் பிள்ளைகளைக் கூட்டிவரும் வழிகாட்டி இந்த இரண்டையும் இங்கே நின்று சொல்ல வேண்டும். சொல்வதற்குப் பத்து நிமிடம் போதும்.

காலையில் திடல் வெறிச்சோடியிருக்கும். இறால் வடை, அவித்த கடலை, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய், பட்டம் விற்பவர்கள் எல்லாம் மாலையில்தான் வருவார்கள். அதற்காகத் திட்டத்தை மாற்ற வேண்டாம். நடை முடிந்தபின் ஒரு முச்சக்கர வண்டியில் இங்கே திரும்பி வரலாம்.

மூன்றாம் பகுதி: கோட்டை, அலைதாங்கி, துறைமுகம்

கோட்டைக்குள் நுழைந்ததும் மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தேடுங்கள். 1857இல் கட்டப்பட்டது. ஆளுநர் வார்டின் மனைவி எமிலி எலிசபெத் வடிவமைத்தது. 1867இல் இதன் உச்சியில் விளக்கு ஏற்றி வெளிச்சவீடாகவும் ஆக்கினார்கள். சுற்றிலும் கட்டடங்கள் உயர்ந்து ஒளியை மறைத்ததால் 1952இல் கடலோரமாக நான்கு சிங்கங்கள் காவல் இருக்கும் புதிய வெளிச்சவீடு எழுந்தது. இன்று அதன் முன்னாலும் நிலம் வந்துவிட்டது. 2014இல் தொடங்கி 2019 தொடக்கத்தில் நிரப்பி முடித்த துறைமுக நகரம், கடலிலிருந்து 269 ஹெக்டயர் நிலத்தை எடுத்துக்கொண்டது. மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து மேற்கே பார்த்தால் ஒன்றரை நூற்றாண்டில் கரை எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று கண்ணாலேயே அளந்துவிடலாம். வெளிச்சவீட்டைச் சுற்றிக் கடற்படையின் இடங்கள் இருப்பதால், உள்ளே போக விடுகிறார்களா என்று வாசலில் கேட்டுக்கொண்டு போங்கள்.

இப்போது இந்த நடையின் மையக் கதைக்கு வருகிறோம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை கொழும்புக்குப் பாதுகாப்பான துறைமுகமே இருக்கவில்லை. கப்பல்கள் திறந்த குடாவில் நங்கூரமிட்டன. சோளகம் கிளம்பினால் ஆட்களும் சரக்கும் வள்ளங்களில் ஏறி இறங்குவது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. அதனால் தபாற் கப்பல்கள் காலித் துறைமுகத்துக்கே போயின. 1875 டிசம்பர் 8ஆம் திகதி வேல்ஸ் இளவரசர் தென்மேற்கு அலைதாங்கிக்கு முதற்கல் வைத்தார். சேர் ஜோன் கூட் என்ற பொறியியலாளரின் திட்டம் அது. 1885இல் அது முடிந்தது. காற்று வரும் திசைக்குக் குறுக்கே கல்லாலான ஒரு கை நீண்டதும், அதன் மறைவில் கப்பல்கள் ஆண்டு முழுவதும் நிற்க முடிந்தது. காலியின் கப்பல் வணிகம் கொழும்புக்கு மாறியது. இன்று தெற்காசியாவின் பெரிய துறைமுகங்களில் ஒன்றாக இது வளர்ந்து நிற்பதன் தொடக்கம் அந்த அலைதாங்கிதான்.

துறைமுகத்துக்குள் போக முடியாது. யோர்க் வீதி முனையில் 1875இல் திறந்த கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல் இருக்கிறது. 1890இல் ருஷ்ய எழுத்தாளர் செக்கோவ் தங்கிய இடம். அதன் மேல்மாடி உணவகம் திறந்திருந்தால் ஒரு தேநீர் குடித்தபடி துறைமுகத்தைப் பார்க்கலாம். நீங்கள் காலையில் பார்த்த அதே கடல் அலைதாங்கிக்கு வெளியே வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, உள்ளே நீர் அசைவில்லாமல் கிடக்கும். படம் எடுக்குமுன் ஊழியரைக் கேளுங்கள், துறைமுகம் பாதுகாப்பு வலயம். 1897 ஜனவரி 15ஆம் திகதி மேற்கிலிருந்து திரும்பிய விவேகானந்தர் கப்பலை விட்டு இறங்கியது இந்தத் துறைமுகத்தில்தான்.

மதிய வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க 17ஆம் நூற்றாண்டின் ஒல்லாந்தர் வைத்தியசாலை நல்ல இடம். இன்று அங்கே கடைகளும் உணவகங்களும் இருக்கின்றன. தடித்த சுவர்களும் உள்முற்றமும் கொண்ட அந்தக் கட்டடத்தில் ஒரு மணி நேரம் காலாறுங்கள். கோட்டையில் விலை அதிகம் என்றால் புறக்கோட்டையில் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

நான்காம் பகுதி: புறக்கோட்டையும் செட்டியார் தெருவும்

1923இல் கட்டிய கான் மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தாண்டியதும் காற்று நின்றுவிடும். நெருக்கமான கட்டடங்கள் அதை மறித்துவிடுகின்றன. காற்றில் தெரியாமல் இருந்த வியர்வை இங்கே ஒன்றாக வழியும். கரையோரத்தில் தாகம் எடுக்காது, அதனால் பலர் தண்ணீர் குடிக்காமலே வந்திருப்பார்கள். ஆகவே இந்த இடத்தில் எல்லோரும் நின்று தண்ணீரோ செவ்விளநீரோ குடிக்க வேண்டும். காற்றடிக்கும் நாளில் உடம்பு காய்வது தெரியாது. தலையிடி வந்த பிறகுதான் தெரியும்.

இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்பது ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல். 1909இல் கட்டி முடிந்தது. சம்மாங்கோட்டார் பள்ளி என்று பழையவர்கள் சொல்வார்கள். சுற்றிலும் உயர்மாடிகள் எழாத காலத்தில், கடலில் வரும் மாலுமிகள் இதன் கோபுரங்களைப் பார்த்தே கொழும்பு வந்துவிட்டதை அறிந்தார்களாம். தொழுகை இல்லாத நேரத்தில் வாசலில் அனுமதி கேட்டு உள்ளே பார்க்கலாம். வெள்ளிக்கிழமை மதியம் தவிர்த்துவிடுங்கள். கடைகளில் பேசும்போது முஸ்லிம் வியாபாரியை "நானா" என்றும் தமிழ்க் கடைக்காரரை "அண்ணை" என்றும் கூப்பிட்டால் பேச்சு இலகுவாகத் தொடங்கும்.

அங்கிருந்து செட்டியார் தெரு. தங்க நகைக் கடைகளுக்கு நடுவே பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும் இருக்கின்றன. ஆடிவேல் இரதம் புறப்படும் இடம். ஒரு காலத்தில் கடல் இந்தத் தெருவை ஒட்டியே கிடந்தது. துறைமுகத்துக்காகக் கரை நிரப்பப்பட்டதில் அது இப்போது மதிலுக்கு அப்பால் போய்விட்டது. மதியத்தில் கோயில்கள் பூட்டியிருக்கும். கோபுரத்தைப் பார்த்துவிட்டு ஒரு சைவக் கடையில் சோறு சாப்பிட்டு, நடையில் எஞ்சிய பகுதிக்குத் தயாராகுங்கள்.

ஐந்தாம் பகுதி: கொட்டாஞ்சேனை

செட்டியார் தெருவிலிருந்து கிழக்கே ஏறும் மேட்டில் ஒல்லாந்தர் கட்டிய வுல்வெண்டால் தேவாலயம் நிற்கிறது. 1749இல் தொடங்கி 1757இல் வழிபாட்டுக்குத் திறந்தார்கள். சிலுவை வடிவில், ஐந்தடி கனமான சுவர்களோடு, கடலிலிருந்து தெரியும் உயரத்தில் கட்டிய ஆலயம். உள்ளே தரையில் பதித்திருக்கும் கல்லறைக் கற்களை மிதிக்காமல் நடவுங்கள். இந்த மேட்டுக்கு வந்ததும் காற்று மீண்டும் உங்களைக் கண்டுபிடிக்கும்.

விவேகானந்தா மேட்டில் 1902இல் தொடங்கிய விவேகானந்த சபை இருக்கிறது. துறைமுகத்தில் இறங்கியவரின் வருகை இந்த ஊரில் விட்டுச் சென்ற தடம் அது. கொட்டாஞ்சேனையின் நடுவே புனித லூசியாள் பேராலயம் பெரிய தூண்களோடும் குவிமாடத்தோடும் எழுந்து நிற்கிறது. சிறிது தூரத்தில் தீபதுத்தாராம விகாரை. 1873இல் பாணந்துறை விவாதத்தில் பௌத்தர் தரப்பில் பேசிய மிகெட்டுவத்தே குணானந்த தேரர் வாழ்ந்த இடம். நான்கு சமயங்களின் வழிபாட்டிடங்கள் ஒன்றின் மணியோசை மற்றதுக்குக் கேட்கும் தூரத்தில் இருக்கும் ஊர் இது. சண்டைகளையும் கண்டிருக்கிறது, சேர்ந்தும் வாழ்ந்திருக்கிறது.

மாலை நாலரைக்குப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்கு வந்து சேருங்கள். பொன்னம்பல முதலியார் 1857இல் கட்டிய கோயிலை அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை முழுவதும் கருங்கல்லால் மீண்டும் எழுப்பினார். தூண்களின் சிற்பங்களைக் கையால் தொடாமல் பக்கவாட்டு ஒளியில் பாருங்கள், உளியின் வரிகள் தெளிவாகத் தெரியும். வெளியே மரங்கள் ஆடிக்கொண்டிருக்க, உள்ளே விளக்குச் சுடர் நெட்டாக எரியும். கல் காற்றை வெளியே நிறுத்திவிடுகிறது.

கடைசி நிறுத்தம் கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்திருந்த காலத்தில் அந்தோனியோ என்ற குருவானவர் வியாபாரி வேடத்தில் மறைந்து வாழ்ந்தார். கடல் கரையை அரித்துத் தங்கள் குடிசைகளைக் கொண்டுபோவதைத் தடுக்கும்படி முகத்துவாரத்து மீனவர்கள் அவரிடம் வேண்ட, அவர் கரையில் சிலுவையை நட்டுச் செபித்தார் என்றும், கடல் பின்வாங்கி மணற்றிட்டு எழுந்தது என்றும் ஆலய மரபு சொல்கிறது. இன்று சைவரும் பௌத்தரும் முஸ்லிம்களும்கூட இங்கே மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று குண்டுவெடிப்பில் இங்கே வழிபட்டுக்கொண்டிருந்தவர்கள் உயிரிழந்தார்கள். திருத்தி எழுப்பிய ஆலயம் அதே ஆண்டு யூன் மாதத் திருவிழாவுக்குத் திறந்தது. வாசலில் பைகளைச் சோதிப்பார்கள். பெரிய பையோடு வரவேண்டாம். இறந்தவர்களின் நினைவிடத்தில் படம் எடுப்பதை விடச் சற்று நின்று வணங்குவதே முறை.

திரும்புதலும் மாற்று வழியும்

கொச்சிக்கடையிலிருந்து முச்சக்கர வண்டியில் கோட்டைப் புகையிரத நிலையத்துக்குச் சில நிமிடம். கரையோரக் கோச்சியில் ஏறி வெள்ளவத்தையில் இறங்கலாம். புறக்கோட்டையிலிருந்து காலி வீதியால் போகும் 100, 101 இலக்க பஸ்களும் உண்டு. முச்சக்கர வண்டியில் மீற்றர் போடச் சொல்லுங்கள், அல்லது தொலைபேசிச் செயலியில் கூப்பிடுங்கள். சூரியன் ஆறரை மணியளவில் மறையும். இருட்டுமுன் காலிமுகத்திடலுக்குப் போக வேண்டுமானால் கொச்சிக்கடையை ஐந்தேகாலுக்கே விட்டுப் புறப்படுங்கள்.

காலையில் எழுந்து பார்த்தபோது மரங்கள் முழுதாக ஆடினால் நடையை ரத்துச் செய்ய வேண்டியதில்லை. வெள்ளவத்தையில் கோச்சி ஏறி, கடற்பக்க ஜன்னல் வழியே அலையைப் பார்த்துக்கொண்டு கோட்டையில் இறங்குங்கள். அங்கிருந்து மூன்றாம் பகுதியில் தொடங்கினால் மீதி பெரும்பாலும் கட்டடங்களின் மறைவில்தான். நடுவழியில் காற்று ஏறினால் மரைன் டிரைவின் எந்த ஒழுங்கையாலும் சில நிமிடங்களில் காலி வீதிக்கு வந்துவிடலாம். கடல் வழக்கத்துக்கு மாறாகச் சட்டென்று பின்வாங்குவதைக் கண்டால் வேடிக்கை பார்க்க நிற்காமல் உள்நாட்டுப் பக்கமாக ஓடுங்கள், எதிரே வருபவர்களையும் திருப்புங்கள். 2004 டிசம்பர் 26இல் இதே கரையோரத் தண்டவாளத்தில், பெரலியவில், ஒரு கோச்சியோடு ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது.

நல்ல வழிகாட்டியின் திறமை எவ்வளவு தூரம் கூட்டிப்போனார் என்பதில் இல்லை, எந்த இடத்தில் "இண்டைக்கு இவ்வளவுதான்" என்று சொன்னார் என்பதில் இருக்கிறது. அவர் அப்படிச் சொன்னால் வாதாடாமல் கோச்சி ஏறுங்கள். விட்ட பகுதியை மறுநாள் நடக்கலாம். ஆவணி முடியும் வரை காற்றுக்குக் குறைவில்லை.